பழைய வெள்ளி எனாமல் செட் வாங்குவோர் கவனத்துக்கு

இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தைகளில் வெள்ளி ஒப்பனை மேசை செட் வாங்க எண்ணுபவர்கள், பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன் நான் ஏமாந்த கதையைப் படித்துவிடுவது நல்லது. லண்டனில் வசிக்கும் நான், சென்ற இலையுதிர் காலத்தில் நகருக்கு வெளியே கூடிய ஒரு சந்தையில், கைக்கண்ணாடி, தலைவாரும் பிரஷ் இரண்டு, துணி பிரஷ், சீப்பு என ஐந்து உருப்படிகள் கொண்ட வான்நீல எனாமல் செட்டை 420 பவுண்டுக்கு வாங்கினேன். 1920-களில் பர்மிங்காமில் செய்தது, எல்லாம் ஒரே செட், பழுது பார்த்ததே இல்லை என்று விற்றவர் அடித்துச் சொன்னார்.

இந்த வேலைப்பாட்டுக்குக் கியோஷே என்று பெயர். வெள்ளித் தகட்டில் கடைசல் எந்திரத்தால் அலை அலையாக நுண்கோடுகளைக் கீறி, அதன்மேல் நிறமேற்றிய கண்ணாடித் தூளைப் பரப்பி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்குவார்கள். ஒரு பூச்சோடு முடியாமல் பலமுறை சூளைக்குள் போய்வரும். பொருளைச் சற்றே சாய்த்தால் நீலத்துக்கு அடியில் ஒளி வழுக்கி ஓடுவது அதனால்தான், என்னை மயக்கியதும் அதுதான். ஆனால் எனாமல் கண்ணாடி என்பதால், கீழே விழுந்தால் சில்லு பெயரும். செய்து முடித்த பொருளை மறுபடி சூளையில் வைத்தால் மெல்லிய வெள்ளியும் பற்றவைப்பும் தாங்கா என்பதால், பெயர்ந்த இடத்தைப் பெரும்பாலும் நிறப்பிசினால் நிரப்பிவிடுகிறார்கள். அதை வெளிப்படையாகச் சொல்லி, விலையைக் குறைத்துத் தருகிற வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

வீட்டில் விளக்கடியில் பார்த்தபோது, ஓர் உருப்படியின் கைப்பிடிக் கழுத்தருகே கட்டைவிரல் நக அளவுக்கு ஒளி ஓடாமல் நின்றது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்தேன், பஞ்சு நீலமாயிற்று. சூளையில் உருகிய எனாமல் அசிட்டோனுக்கு அசையாது. பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதாக, ஹால்மார்க் முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் படித்தேன். 1773 முதல் இயங்கும் பர்மிங்காம் தர ஆய்வகத்தின் நங்கூரமும், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று காட்டும் நடக்கும் சிங்கமும் பொய்யில்லை. ஆனால் கண்ணாடியிலும் தலைப் பிரஷ்களிலும் இருந்த ஆண்டெழுத்து (முத்திரையிட்ட ஆண்டைக் காட்டும் எழுத்து) வேறு, துணி பிரஷ்ஷில் இருந்தது வேறு. செய்தவரின் முதலெழுத்துகளும் பொருந்தவில்லை. நிறம் ஒத்துப்போன எங்கோ ஒரு செட்டின் அநாதையை இதில் சேர்த்திருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, அசிட்டோன் ஊற்றிப் பொருளைக் கெடுத்தது நான்தான் என்று அவர் பழியைத் திருப்பினார். வியாபாரியிடம் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் என் கையிலிருந்த ரசீதில் "பழைய நீல செட்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வாயால் சொன்ன ஆண்டு, ஊர், பழுதின்மை ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொரு உருப்படியின் முத்திரையையும் கடையிலேயே படியுங்கள். அசிட்டோன் சோதனையை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

விற்றவர் 50 பவுண்டு தருகிறேன் என்றார், நான் வாங்கவில்லை. எழுத்தில் அனுப்பிய புகாருக்கு இன்றுவரை பதில் வரவில்லை. சென்ற மாதச் சந்தையில் அவருடைய மேசையில் இளஞ்சிவப்பு எனாமல் செட் ஒன்று இருந்தது, "பழுது பார்த்ததே இல்லை" என்ற அதே சொற்களோடு.