எம்ஜிபி காருக்கு சிலிகான் கேஸ்கெட்: சில வருஷம் ஓட்டினப்புறம் எழுதறேன்

இங்க இங்கிலாந்துல 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையைத் திறந்து ஓட்டற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒண்ணு வச்சிருக்கேன். அபிங்டன் ஃபேக்டரில 1962லருந்து 1980 வரைக்கும் செஞ்ச மாடல், உள்ள இருக்கறது 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின், வார்ப்பிரும்பு பிளாக், அஞ்சு மெயின் பேரிங். நல்லா உழைக்கிற இன்ஜின்தான், ஆனா ஆயில் ஒழுகும். "பிரிட்டிஷ் கார்ல ஆயில் ஒழுகலன்னா உள்ள ஆயிலே இல்லன்னு அர்த்தம்"னு ஆளாளுக்கு ஜோக் சொல்லி விட்டுடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, முக்காவாசி லீக்கை நிறுத்திடலாம்.

முதல்ல ராக்கர் கவர், அதாவது இன்ஜின் உச்சியில வால்வ் பாகங்களை மூடற மூடி. ஒரிஜினலா வர்றது கார்க் கேஸ்கெட் (ரெண்டு பாகம் சேர்ற இடத்துல ஆயில் கசியாம அடைக்கற பட்டை), சூட்டுல காஞ்சு இறுகிடும், லேசா கசிய ஆரம்பிச்சதும் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவாங்க, கார்க் பிதுங்கும், கவரோட விளிம்பும் வளையும், அதுக்கப்புறம் எந்த கேஸ்கெட் போட்டாலும் உக்காராது. அந்த நட்டுக்கு வேண்டிய டார்க்கே (முறுக்கற விசை) வெறும் 4 பவுண்டு-அடிதான். சிலிகான் கேஸ்கெட் விலை அதிகம், ஆனா வால்வ் கேப் (வால்வுக்கும் அதை அழுத்தற ராக்கருக்கும் நடுவுல விடற இடைவெளி, 0.015 இன்ச்) செட் பண்ண அடிக்கடி கவரை கழட்டி மாட்டறோம்ல, கார்க்னா பிஞ்சு வரும், இது திரும்பத் திரும்ப அப்படியே உக்காருது. போட்டதுலருந்து அந்தப் பக்கம் காஞ்சே இருக்கு. வளைஞ்ச விளிம்பை மட்டும் சமமான பலகைல வச்சு தட்டி நேர் பண்ணிட்டு போடுங்க.

நிஜமான தலைவலி டேப்பெட் கவர். இன்ஜினோட இடப்பக்கம், மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்கு காத்து வர்ற, புகை போற குழாய்கள்) கீழ ரெண்டு தகர மூடி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரே ஒரு போல்ட். எக்ஸாஸ்ட் சூடு முழுக்க அந்த கார்க் மேலதான், அதுவும் பின்பக்க கவர்ல கசிஞ்சா ஆயில் பிளாக் வழியா இறங்கி கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல சொட்டும், பாக்கறவங்க பின்னாடி கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட் முனைல ஆயிலை அடைச்சு வைக்கற வளையம்) போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. அந்த சீலை மாத்தணும்னா இன்ஜினையே வெளிய தூக்கணும் சாமி! அதனால இன்ஜினை தூக்கறதுக்கு முன்னாடி பிளாக்கை நல்லா துடைச்சு, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து கோடு எங்கேருந்து இறங்குதுன்னு டார்ச் அடிச்சு பாருங்க. கவர் மாத்தணும்னா கார்புரேட்டர், மேனிஃபோல்டு ரெண்டையும் கழட்டினாதான் கை நிம்மதியா போகும், கழட்டினதும் கழட்டினீங்க, மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் புதுசா போட்டுடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். கிராங்க்கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுத்தற இன்ஜினோட உள்கூடு) மூச்சு விடலன்னா எவ்வளவு காசு குடுத்து கேஸ்கெட் வாங்கினாலும் வேஸ்ட். முன்பக்க டேப்பெட் கவர்ல ஒரு டப்பா மாதிரி இருக்கும்ல, அதுக்குள்ள கம்பி வலை, அங்கேருந்து ஒரு ஹோஸ் எஸ்யூ கார்புரேட்டருக்கு போகுது, அந்த இழுப்புலதான் உள்ள சேர்ற புகையும் பிரஷரும் வெளியேறணும். வலைல கசடு அடைச்சா பிரஷர் எங்க பலவீனமோ அங்க ஆயிலை தள்ளும். என் வண்டில சிலிகான் போட்டப்புறமும் டைமிங் கவர் (இன்ஜின் முன்பக்கம் டைமிங் செயினை மூடற மூடி) பக்கம் கசிவு இருந்துச்சு, அந்த டப்பாவை பெட்ரோல்ல ஊறப்போட்டு கழுவி, ஆயில் ஊத்தற மூடியையும் புதுசா மாத்தினேன் (அதுக்குள்ளயும் ஒரு ஃபில்டர் இருக்கு, கழுவ முடியாது, மூடியவே மாத்தணும்), கசிவு பாதிக்கு மேல குறைஞ்சு போச்சு. மிச்சம் முன்பக்க சீல், அதை குளிர்காலத்துல பாத்துக்கலாம்.

ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வர்றது) பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, செம்பு போடலாமான்னு. ரேஸுக்கு போகாத வண்டிக்கு பேயன் கம்பெனியோட கம்போசிட் (பல பொருள் சேத்து செஞ்ச) கேஸ்கெட்டே தாராளம், ஹெட்டும் பிளாக்கும் சமமா இருக்கணும், நட்டை வரிசைப்படி 45-50 பவுண்டு-அடிக்கு இறுக்கணும், அவ்ளோதான். கொஞ்சம் ஓட்டினப்புறம் மறுபடி டார்க் பண்ணுவீங்கல்ல, ராக்கர் பெடஸ்டல் (ராக்கரை தாங்கற கால்) வழியா போற நாலு ஸ்டட்டும் ஹெட்டை பிளாக்கோட பிடிக்கற ஸ்டட்தான், அதனால வால்வ் கேப்பும் மாறியிருக்கும், அதையும் செக் பண்ணிட்டு கவரை மூடுங்க. லீக்குக்கு பயந்து ட்யூப் சீலண்டை மட்டும் அப்பி வைக்காதீங்க, உள்ள பிதுங்கினது பிஞ்சு சம்ப்ல (இன்ஜின் அடில ஆயில் தேங்கற தொட்டி) இருக்கற ஆயில் பிக்கப் வலைய போய் அடைச்சா அப்புறம் பேரிங் செலவு.