ஐந்து ரோடு ஜெராக்ஸ் கடை டிஸ்கிரீட் மேத்ஸ் நோட்ஸ்: வாங்கலாம், சிவப்புப் பேனாவோடு

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இந்த நோட்ஸ் 120 ரூபாய். 96 பக்கம், ஸ்பைரல் பைண்டிங். லாஜிக், கணங்கள், எண் முறைகள் என்று மூன்று பாடம். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்திலேயே தமிழ்ச் சொல் இருக்கிறது. ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் முழிப்பவர்களுக்கு அது ஒன்றே போதும், காசுக்கு நஷ்டமில்லை.

உருப்படியானது எண் முறைகள் பாடம்தான். எடுத்துக்கொண்ட எண் 636, நம்ம ஊர் பின்கோடின் முதல் மூன்று இலக்கம். பைனரிக்கு (0, 1 மட்டும் வைத்து எழுதும் முறை) 2-ஆல் வகுத்துக்கொண்டே போய், மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் 1001111100. ஆக்டலுக்கு (8-ஐ அடியாகக் கொண்ட முறை) அந்த பைனரியை வலப்பக்கமிருந்து மும்மூன்றாகப் பிரிக்க வேண்டும்: 1, 001, 111, 100. விடை 1174. இடப்பக்கமிருந்து பிரித்தால் 4760 என்று வரும், மார்க் போச்சு. இந்தத் தவறான விடையையும் போட்டுக் காட்டியிருப்பது நல்ல வேலை. தசமப் பின்னத்தில் 2-ஆல் பெருக்கி, மேலிருந்து கீழாக எழுத வேண்டும் என்பதையும் தனியாகக் கட்டம் கட்டியிருக்கிறார்கள். 0.1-ஐ மாற்றினால் 0.000110011 என்று முடிவில்லாமல் போகும். எங்கே நிறுத்துவது என்று மட்டும் சொல்லவில்லை. கேள்வியில் எத்தனை பிட் என்று இருக்கிறதோ அத்தனையோடு நிறுத்துங்கள்.

பைனரியில் குறை எண்களை எழுத உதவும் 2-இன் நிரப்பியில் (2's complement) ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. 8 பிட்டில் −44 வேண்டுமென்றால், 44-ஐ முதலில் 00101100 என்று எட்டு இலக்கமாக்க வேண்டும். அப்புறம்தான் புரட்டி (0-ஐ 1, 1-ஐ 0 ஆக்கி) 11010011, ஒன்று கூட்டி 11010100. நோட்ஸில் 101100-ஐ அப்படியே புரட்டச் சொல்கிறார்கள். ஒன்று கூட்டினால் 010100 வரும், அதற்கு முன்னால் சைபர் போட்டு நிரப்பினால் +20 ஆகிவிடும்.

கணங்கள் பாடம் சுமார். வெற்றுக்கணமும் வெற்றுக்கணத்தை உறுப்பாகக் கொண்ட கணமும் ஒன்றல்ல: காலி டப்பா வேறு, காலி டப்பா உள்ளே கிடக்கும் டப்பா வேறு. அதைச் சரியாகச் சொல்லிவிட்டு, மூன்று உறுப்புக் கணத்தின் அடுக்குக் கணத்தில் (எல்லா உட்கணங்களும் சேர்ந்த கணம்) ஏழே உட்கணங்களை எழுதியிருக்கிறார்கள். விட்டுப்போன எட்டாவது அதே வெற்றுக்கணம்! வென் படக் கணக்கில் 50 பேர், காபி 32, டீ 27, இரண்டும் 14. நடு வெட்டில் 14-ஐப் போட்டுவிட்டுத் தொடங்கினால் காபி மட்டும் 18, டீ மட்டும் 13, எதுவும் குடிக்காதவர் 5. நோட்ஸில் 32-ஐ நேராக 'காபி மட்டும்' இடத்தில் போட்டதால் கூட்டல் 50-ஐத் தாண்டி நிற்கிறது. டி மார்கன் விதிகள் (சேர்ப்பு, வெட்டு இவற்றின் நிரப்பியைச் சொல்பவை) மட்டும் சுத்தம். அந்த டி மார்கன் 1806-ல் மதுரையில் பிறந்தவர் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பிள்ளைகளுக்குப் பெயராவது மறக்காது.

லாஜிக் பாடத்தில்தான் பேனா அதிகம் வேலை செய்யும். 'மழை பெய்தால் மலைப்பாதை நனையும்' என்பதன் மறுப்பு, 'மழை பெய்யாவிட்டால் நனையாது' என்று அச்சாகியிருக்கிறது. தப்பு. மழையும் இல்லை, பாதையும் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வாக்கியமுமே மெய்யாகிவிடுகின்றன. கூற்றும் அதன் மறுப்பும் சேர்ந்து மெய்யாக முடியுமா? சரியான மறுப்பு: 'மழை பெய்தது, ஆனாலும் பாதை நனையவில்லை'. ட்ரூத் டேபிளின் (மெய், பொய் சேர்க்கைகளை வரிசையாகக் காட்டும் அட்டவணை) நாலு வரிசையில் 'எனில்' பொய்யாவதும் அந்த ஒரே வரிசையில்தான்.

இன்னொன்று நம் மொழியிலேயே உள்ள வழுக்கல். 'ஏற்காடு போகிற எல்லா பஸ்ஸும் அடிவாரத்தில் நிற்காது.' ஒரு பஸ்கூட நிற்காதா, இல்லை சிலது நிற்காதா? பேச்சில் தொனி சொல்லிவிடும், தாளில் சொல்லாது. நோட்ஸ் 'எல்லாம் நிற்கும்' என்பதன் மறுப்பாக இந்த வாக்கியத்தையே கொடுத்து, ஒன்றுகூட நிற்காது என்ற பொருளில் குறியீடு போட்டிருக்கிறது. அதை அடித்துவிட்டு 'நிற்காத பஸ் ஒன்றாவது உண்டு' என்று எழுதிக்கொள்ளுங்கள், குறியீடு தானாக வரும்.

ஸ்பைரல் ஓட்டை பல டேபிள்களின் முதல் பத்தியைத் தின்றிருக்கிறது. பைண்டிங் போடுவதற்கு முன்பே கேட்டால் லூஸ் தாளாகத் தருகிறார்கள், 20 ரூபாய் குறைவு.