பிரேசர் மலைப் பறவைப் பயணம்: வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரம், பைனாகுலருக்கு ஒன்று

கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போகும் ஒருநாள் சேவை. ஆளுக்கு 280 வெள்ளி (ரிங்கிட்). விடியுமுன் பிரிக்பீல்ட்ஸில் வேன் ஏறினால், கோல குபு பாருவில் ரொட்டி சானாய், தே தாரே; வெளிச்சம் வரும்போது மேலே இருப்போம். வேனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஏசி ஓடியது.

காலையில் முதல் ஒரு மணி நேரத்துக்கு வழிகாட்டியே தேவையில்லை. ராத்திரி விளக்குக்கு வந்து ஒட்டிக்கொண்ட அந்துப்பூச்சிகளைத் தின்னப் பறவைகள் தாமாகவே வருகின்றன. சில்வர் இயர்ட் மீசியா கும்பலாக வந்து இறங்கியது: கறுப்புத் தலை, கன்னத்தில் வெள்ளித் திட்டு, மஞ்சள் தொண்டை, இறக்கையில் சிவப்பு. கண்ணிருக்கும் யாரும் பார்த்துவிடலாம்.

கொடுத்த காசுக்கு வேலை நடந்தது அதற்கப்புறம்தான். மூங்கில் புதர் ஓரமாகப் பேசிக்கொண்டே வந்த வழிகாட்டி பாதிப் பேச்சில் நின்றார். ஊசி போல மெல்லிய விசில், நாலைந்து சுரம். மவுண்டன் லீஃப்டாய்லர் என்றார். எடை 6, 7 கிராம், நம் 50 சென் காசைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கூட வந்தவர் ஒருவர் கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு இழுக்கச் சொன்னார். "வேணாம் அண்ணே, இன்னொரு ஆண் தன் இடத்துக்குள்ள வந்துட்டதுன்னு நெனச்சுப் பதறும். தீனி தேடுறத விட்டுட்டு சண்டைக்கு அலையும்" என்று மறுத்துவிட்டார். காத்திருந்தோம். தானாகவே வெளியே வந்தது: செம்பழுப்பு உச்சி, சாம்பல் நெஞ்சு, மஞ்சள் வயிறு. வீட்டுத் தோட்டத்தில் இலை தைக்கும் தையல் சிட்டோடுதான் இதையும் முன்பு சேர்த்து வைத்திருந்தார்களாம். டிஎன்ஏ ஆய்வுக்குப் பிறகு வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

குறை இரண்டு. இரவலாகத் தந்த பைனாகுலரில் உள்ளேயே நீராவி படிந்துவிட்டது. அதுவும் 10 மடங்கு, கை கொஞ்சம் ஆடினாலும் பறவை காணாமல் போகிறது. சொந்தமாக 8x42 (8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்), நைட்ரஜன் அடைத்ததாகப் பார்த்துக் கொண்டு போங்கள். அப்படிப்பட்டதில் உள்ளே பனி பிடிக்காது. இரண்டாவது, 'சிறு குழு' என்று விளம்பரம், வந்ததோ ஒன்பது பேர். அந்த ஒற்றையடிப் பாதையில் கடைசி மூவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தரிசனம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் போனதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அட்டை ஏறும், நீளக் காலுறை கட்டாயம். முன்பதிவு செய்யும்போதே எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கைந்து பேர் என்றால் தாராளமாகப் போகலாம், சனி ஞாயிறு மட்டும் வேண்டாம்.