முதல் பாம்பு: கார்ன் ஸ்நேக்கா, பால் (ball) பைத்தானா? நம்ம கேஎல் (கோலாலம்பூர்) வீட்டுக்கு எது

முதல் தடவையா பாம்பு வாங்கணும்னு கிளம்புறவங்க பெரும்பாலும் கடைசியில இந்த ரெண்டுலதான் வந்து நிப்பாங்க. ரெண்டுக்கும் விஷம் கிடையாது. இத வீட்டுல மொதல்ல சொல்லிடுங்க, ஏன்னா எங்கம்மாவுக்கு பாம்புன்னாலே பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயில்ல கிளையில சுத்திக் கிடக்குற பச்சை வைப்பர் (விரியன்)தான் ஞாபகத்துக்கு வரும், அது நெஜமாவே விஷப்பாம்பு, அவங்க பயந்ததுல தப்பே இல்ல.

சைஸ்ல பெரிய வித்தியாசம் இல்ல, வளர்ந்ததும் ரெண்டும் 3லருந்து 5 அடி, கார்ன் மெலிசு, பைத்தான் நல்லா தடியா இருக்கும். ஆயுசுதான் யோசிக்க வேண்டியது. கார்ன் 15-20 வருஷம், பைத்தான் 25-30 வருஷம்கூட இருக்கும், அதுக்குள்ள உங்களுக்கு கல்யாணம் ஆகி ரெண்டு வீடு மாறியிருப்பீங்க.

சாப்பாட்டுல கார்ன் ரொம்ப நல்ல புள்ள, எலியக் காட்டினா போதும். பைத்தான் அப்படி இல்ல, திடீர்னு வாரக்கணக்கா, சில சமயம் மாசக்கணக்கா சாப்பிடாது. என்னோடது ரெண்டு மாசம் எலியத் திரும்பிக்கூட பாக்கல, நான் தெனமும் எலிய நீட்டி நீட்டி அத இன்னும் மிரள வச்சிட்டேன், அப்படி செய்யவே கூடாது. வாரம் ஒரு தடவ எடை போட்டுப் பாருங்க, எடை இறங்கலன்னா விட்டுடுங்க, இறங்கிட்டே போனா வெட்கிட்ட (மிருக டாக்டர்) தூக்கிட்டுப் போங்க. அப்புறம் ஃப்ரோசன் எலிக்கு ஃப்ரீசர்ல தனி டப்பா வைக்கணும், அம்மா மீன் வைக்கிற இடம் அது, அவங்ககிட்ட கேக்காம வைக்காதீங்க.

இப்ப நம்ம ஊரு வெதர். வெளிநாட்டு வீடியோவுல சொல்றத அப்படியே செஞ்சா பாம்புக்குத்தான் கஷ்டம். அவங்க ஊரு காஞ்ச குளிரு, நமக்கு காத்துலயே ஈரப்பதம் 80% கிட்ட நிக்குது. கார்னுக்கு 40-60% போதும், அதனால காத்தோட்டம் நல்லா இருக்கணும், அடியில மரத்தூள் போட்டா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், நியூஸ்பேப்பரே போதும். பைத்தானுக்கு 60%க்கு மேல வேணும், தேங்கா நார்த்தூள் சரியா இருக்கும், ஆனா அதுவும் சொதசொதன்னு கிடந்தா வயித்துத் தோல் புண்ணாகிடும்.

சூடுன்னு பாத்தா கார்னுக்கு பெட்டியோட ஒரு பக்கம் 28-30 டிகிரி இருந்தா போதும், பைத்தானுக்கு 31-32. ராத்திரி பூரா ஏர்கோன் போட்டுத் தூங்குற ரூம்னா பைத்தானுக்கு ஹீட் மேட் (சூடு தர்ற விரிப்பு) கண்டிப்பா வேணும், கூடவே சூட்ட அளவா வைக்கிற தெர்மோஸ்டாட், அது இல்லாத மேட் வயித்தச் சுட்டுடும். அதே நேரம் கூரைக்கு கீழ உள்ள மேல்மாடி ரூம், மத்தியானம் 34-35 போகுதுன்னா ரெண்டு பாம்பையுமே அங்க வைக்காதீங்க.

கையில எடுக்குறதுக்கு பைத்தான்தான் சுலபம், மெதுவா நகரும், பயந்தா பந்தா சுருண்டுக்கும். கார்ன் துறுதுறுன்னு ஓடும், குட்டிக்கு பென்சில் நுழையுற இடுக்கு போதும், காணாமப் போயிடும், அதனால மூடிக்கு லாக் முக்கியம்.

பேப்பர் விஷயம். பால் பைத்தான் சைட்டீஸ் (காட்டு உயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் அட்டவணையில இருக்கு. எந்தப் பாம்புன்னாலும் காசு கட்டுறதுக்கு முன்னாடி பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) ஆபீஸ்ல லைசென்ஸ் பத்தி கேட்டுடுங்க, எனக்கு மொதல்ல விக்க வந்தவரு "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்"னாரு, நான் வாங்காம திரும்பிட்டேன், வேற ஆளுகிட்ட பேப்பரோட வாங்கினேன். ஸ்பைடர் மார்ஃப்னு (தனி நிறத்துக்காக வளர்க்குற வகை) ஒரு பைத்தான், கலர் அழகா இருக்கும், ஆனா அந்த ஜீனால தலை ஆடுற பிரச்சனை வரும், அத வாங்காதீங்க.

என்னக் கேட்டா முதல் பாம்புக்கு கார்ன்தான், நல்லா சாப்பிடுற பாம்பு கையில இருந்தா புதுசா வளர்க்குறவங்களுக்கு பதட்டம் வராது. ரூம் கொஞ்சம் சூடாவே இருக்கும்னா மட்டும் பைத்தான் பக்கம் போங்க. எதுன்னாலும் பெட்டிய ஒரு வாரம் முன்னாடியே ரெடி பண்ணி பகல்லயும் ராத்திரியிலயும் டிகிரி எழுதி வைங்க, பாம்பு வந்ததும் ஒரு வாரம் கை வைக்காதீங்க, மொத சாப்பாடு சாப்பிட்டப்புறமும் 48 மணி நேரம் தொடாதீங்க, தூக்கினா கக்கிடும்.