பனாமா கால்வாய்: மிராஃப்ளோரெஸா, அகுவா கிளாராவா?

பனாமா நகரத்தில் ஒரு பகல் மட்டும் கையில் இருந்தால் தயங்காமல் மிராஃப்ளோரெஸுக்குப் போங்கள். 1914இல் திறக்கப்பட்ட கால்வாயின் பழைய பூட்டுத்தொட்டிகள், அதாவது நீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டிகள், அங்கே இன்றும் வேலை செய்கின்றன. பம்பு எதுவும் இல்லை. காட்டூன் ஏரியின் நீர் தன் எடையாலேயே இறங்கித் தொட்டியை நிரப்ப, மலைபோன்ற சரக்குக் கப்பல் கண்முன்னே உயர்கிறது. இருபுறமும் தண்டவாளத்தில் ஓடும் இழுவை எந்திரங்கள் கப்பலைச் சுவரில் உரசாமல் பிடித்துக்கொள்கின்றன. இந்த கான்கிரீட்டுக்குப் பின்னால் பார்படோஸ் முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களின் உழைப்பு இருக்கிறது. அமெரிக்கர் கட்டிய காலத்தில் மட்டும் சுமார் 5,600 பேர் இறந்தார்கள். அதற்கு முன் பிரெஞ்சு முயற்சியில் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் கொண்டுபோன உயிர்கள் அதைவிடப் பல மடங்கு. வருகிறவர்கள் கப்பலைப் படமெடுப்பதோடு நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை.

அகுவா கிளாரா அட்லாண்டிக் பக்கம், கொலோன் நகரத்துக்கு அருகே இருக்கிறது. 2016இல் திறந்த புதிய பூட்டுத்தொட்டிகள். தொட்டியின் அகலம் 55 மீட்டர், பழையதில் 33.5. இழுவை எந்திரங்களுக்குப் பதில் இழுவைப் படகுகள். பக்கவாட்டுக் குளங்களில் நீரின் 60 சதவீதத்தைச் சேமித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். காட்டூன் ஏரியும் மேலிருந்து தெரியும். பொறியியலில் ஆர்வமுள்ளவர்களுக்கு இதுவே சரி. வரலாற்றுக்கு என் வாக்கு மிராஃப்ளோரெஸுக்குத்தான். காலையிலோ பிற்பகலிலோ போங்கள். நடுப்பகலில் கப்பல்கள் குறைவு.