பழைய அரத்துல கத்தி: சுங்கை சிப்புட் பட்டறை

வீட்டுல பழைய அரம் கெடந்தா தூக்கிப் போட்டுறாதீங்க. மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுனுக்குப் பின்னால ஒரு அண்ணன் சின்னதா பட்டறை வச்சிருக்காரு, அத கொண்டுபோய் குடுத்தா சமையல் கத்தியா அடிச்சுத் தர்றாரு. நான் குடுத்தது அப்பா செம்பனை அரிவாள் தீட்டித் தீட்டித் தேஞ்சுபோன அரம்.

எல்லா அரத்தையும் அவரு வாங்கமாட்டாரு, அதுவே எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. கிரைண்டர்ல ஆழமா தேச்சு பொறியப் பாக்குறாரு, பூவாணம் மாதிரி வெடிச்சு செதறுனா கார்பன் நெறைய இருக்குன்னு அர்த்தம். சில மலிவு அரத்துல மேல்தோல் மட்டும்தான் கெட்டி, உள்ள சாதா இரும்பு, அதுல கத்தி அடிச்சா கூர் நிக்காது. நல்ல அரத்துல கார்பன் 1 சதவீதத்துக்கு மேலயே இருக்கும், லாரி ஸ்பிரிங் பட்டையில அடிக்கிற பாராங்ல, அதாவது பெரிய வெட்டுக்கத்தியில, சுமாரா 0.6தான், அது ஓங்கி வெட்டுனா தாங்கும், ஆனா மீன் வெங்காயம்னு தெனமும் நறுக்க அரத்துக் கத்திதான்.

மொதல்ல உலையில சூடாக்கி சாம்பல்ல பொதைச்சு மெதுவா ஆற விடுறாரு, அப்பதான் எளகும். அப்புறம் பல்லு மொத்தத்தையும் தேச்சு எடுத்துடுறாரு, அழகுக்காக பல்ல விட்டுவைக்கிறவங்க உண்டு, ஆனா விரிசல் அந்தக் கோட்டுலதான் ஆரம்பிக்கும். அடிச்சு முடிச்சதும் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 டிகிரிக்குக் கொஞ்சம் மேல கொண்டுபோய் வெதுவெதுப்பான எண்ணெயில முக்குறாரு, தண்ணில முக்குனா வெடிக்க வாய்ப்பிருக்கு. அதோட விடாம ஓவன் அடுப்புல 200 டிகிரியில ரெண்டு மணி நேரம் வைக்கிறாரு, வைக்கோல் நெறம் வரும். இத செய்யலன்னா கத்தி கண்ணாடி கணக்கா ஒடையும், வேற எடத்துல நான் வாங்குன கத்தி கோழி எலும்புல பட்டு பல்லு பல்லா போச்சு. இவரோட கத்தியில இதுவரைக்கும் ஒரு சிதறல் கூட இல்ல.

கொறை கைப்பிடிதான். ரப்பர் மரத்துல போட்டிருக்காரு, அது ஈரம் பட்டா சீக்கிரம் பூசணம் புடிக்கிற மரம், நம்ம ஊரு மழைக்கு மெர்பாவ்ங்கிற கெட்டி மரந்தான் சரி, கேட்டா மாத்திப் போட்டுக் குடுக்கறாரு. 120 வெள்ளி (ரிங்கிட்), கைவேலைக்கு நியாயமான வெலை. வேலை மெதுவாதான் நடக்கும், அவசரப்படுத்தாதீங்க.

கத்தி துரு புடிக்கும், கழுவுன ஒடனே தொடைச்சு தேங்காயெண்ணெய் தடவி வைங்க, எலுமிச்சை வெட்டுனா அப்படியே விட்டுறாதீங்க. போறவங்க காலையிலயே போங்க, மத்தியானத்துக்கு மேல உலைய அணைச்சிருவாரு.