வெள்ளச் செஸ்ஸா, கடனா, மத்திய நிதியா?

2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தை மறுபடி கட்ட சுமார் 31,000 கோடி ரூபாய் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பாலக்காட்டில் வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் கணக்குப் பார்ப்பவன் நான். அந்தப் பணத்துக்கு மத்திய நிதியை நம்புவதா, கடன் வாங்குவதா, செஸ், அதாவது விற்பனை மேல் மாநிலம் போடும் தற்காலிகக் கூடுதல் வரி, வசூலிப்பதா என்று வியாபாரிகள் கூடிப் பேசியபோதெல்லாம் செஸ் பக்கம்தான் நின்றேன்.

மத்திய நிதி கட்டாயம் வேண்டும், ஆனால் அது நிவாரணத்துக்கானது. அன்றைய விதிப்படி சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய். கேரளம் கொடுத்தது 4 லட்சம். மீதி மாநிலத்தின் தலையில்தான்.

கடன் மொத்தமாகக் கைக்கு வரும். 2019-ல் உலக வங்கி 25 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. ஆனால் மாநிலத்தின் கடன் வரம்பில் அதுவும் சேரும். வட்டியில்லாக் கடனிலும் சிக்கல் உண்டு. நிலச்சரிவுக்குப் பின் வயநாட்டுக்கு 2025 பிப்ரவரியில் மத்திய அரசிடமிருந்து 529.50 கோடி, 50 ஆண்டுத் தவணையில் வந்தது. மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்று முதலில் நிபந்தனை! ஒன்றரை மாதத்தில் யார் ஊர் கட்டுவார்கள்?

செஸ்ஸுக்கு வருவோம். 12 சதவீதமும் அதற்கு மேலும் ஜிஎஸ்டி இருந்தவற்றுக்கு 1 சதவீதம், தங்கம், வெள்ளி நகைக்குக் கால் சதவீதம். ஜிஎஸ்டி எண் கொடுத்து வாங்கிய வியாபாரிக்கு அது இருக்கவில்லை. ஜிஎஸ்டி சேர்க்காமல் 30,000 ரூபாய் வந்த ஏசிக்கு 300 ரூபாய், பில்லில் தனியாக. "இது என்னத்துக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. மாதாமாதம் தனி ரிட்டர்ன் வேறு. வாளையாறு எல்லை தாண்டிக் கோயம்புத்தூரில் வாங்கினால் இது இல்லை என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு.

இத்தனைக்கும் நான் செஸ் பக்கம் நிற்பது அதன் முடிவுத் தேதிக்காக. 2019 ஆகஸ்ட் 1-ல் தொடங்கியது, 2021 ஜூலை 31-ல் நின்றது. நடுவில் கோவிட் வந்து கஜானா காய்ந்தும் நீட்டவில்லை. ஜிஎஸ்டி கவுன்சில் இரண்டே ஆண்டுக்குத்தான் அனுமதித்திருந்தது, அந்தக் கடிவாளம் வேலை செய்தது. 2011 சுனாமிக்காக ஜப்பான் வருமான வரியின் மேல் போட்ட 2.1 சதவீதத்தைப் பாருங்கள், 2013-ல் தொடங்கி 2037 வரை என்று சட்டம் போட்டார்கள். அன்று பிறந்த குழந்தையும் வேலைக்குப் போய் அதைக் கட்டும்.

ஆண்டுக்கு 600 கோடி எதிர்பார்த்த செஸ், 31,000 கோடியில் ஒரு மூலைக்குத்தான் காணும். பெரிய பாலம், சாலைக்கெல்லாம் கடன் இல்லாமல் முடியாது, சரி. நாகாலாந்து மாதிரி மாநிலமே பேரிடர் காப்பீடு எடுப்பது இன்னொரு வழி. அதில் எனக்குப் பழக்கமில்லை, பிரீமியம் கட்டுபடியாகுமா என்று அதைக் கையாண்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.